மோட்டார் கொட்டாயில் இருந்த காது

மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்குப் புது கரண்ட் மீட்டர் வரப்போகிறது என்று பேச்சு. ஆள் வந்து குறித்துக்கொண்டு போக வேண்டியதில்லை, அதுவே கணக்கை அனுப்பிவிடுமாம். "நாம எப்போ தூங்கறோம், எப்போ எழுந்துக்கறோம்னுகூட அதுக்குத் தெரியுமாம்" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் நிலம் முன்பு என் கணவரின் பெரியப்பாவுடையது. நான் அவரைப் பெரிய மாமா என்பேன். அவர் மனைவி காய்ச்சலில் இறந்துபோனதும், மகன் அவரைத் திருப்பூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். நிலமும் கிணறும் எங்களுக்கு வந்தன. கிணற்றுமேட்டில் ஒரு மோட்டார் கொட்டாய். அதன் சுவரில் மாமா மாட்டியிருந்த மொபைல் ஸ்டார்ட்டர் பெட்டி. உள்ளே ஒரு சிம் இருக்கும். வீட்டிலிருந்து போன் செய்தால் மோட்டார் ஓடும், மறுபடி செய்தால் நிற்கும். காட்டுப்பன்றிக்குப் பயந்து இருட்டில் போக வேண்டாம் என்று என் கணவருக்கு அந்தப் பெட்டி மேல் அவ்வளவு பிரியம். தன் நம்பரையும் அதில் சேர்த்துக்கொண்டார். அந்த சிம்முக்கு யார் ரீசார்ஜ் செய்கிறார்கள் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

கணவர் போனுக்கு வீட்டிலேயே டவர் எடுக்கும், என் போனுக்கு எடுக்காது. கிணற்றுமேட்டில்தான் எடுக்கும். மத்தியானம் வேலை ஒழிந்ததும் கொட்டாய் வாசலில் உட்கார்ந்து, படவேட்டில் கட்டிக்கொடுத்த என் தங்கையோடு பேசுவேன். மாமியார் காதில் விழக்கூடாததை எல்லாம் அங்கேதான் பேசுவது. பேசிக்கொண்டிருக்கும்போது சில நாள் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு எரியும். கரண்ட் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு முதல் கரு தங்கவில்லை. அடுத்தது உண்டானபோது, மூன்று மாதம் தாண்டட்டும் என்று கணவரிடம்கூடச் சொல்லவில்லை. தங்கையிடம் மட்டும் சொன்னேன். அந்த வாரமே பெரிய மாமா என் கணவருக்குப் போன் செய்தார். எல்லாம் பேசிவிட்டு, போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"இன்னாம்மா, நல்லா இருக்கறியா?"

"நல்லா இருக்கறேன் மாமா."

"இந்த நேரத்துல தண்ணிக் கொடத்த தூக்காத. போன தடவ மாதிரி ஆயிடப் போவுது."

 கணவர் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சரிங்க மாமா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் தங்கையைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். "திருப்பூர்ல இருக்கற மனுஷனுக்கு எப்படிடி தெரிஞ்சுது? உன்ன வுட்டா வேற யாருக்குத் தெரியும்?" என்றேன். "அந்த மாமாவோட நம்பரே என்கிட்ட இல்லக்கா" என்று அழுதாள். நான் நம்பவில்லை. இனிமேல் உன்னோடு பேச மாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். திரும்பிப் பார்த்தபோது கொட்டாய்க்குள் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மோட்டார் ஓடவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது.

சற்று நேரத்தில் என் போன் அடித்தது. பெரிய மாமா. என் நம்பருக்கு அவர் அழைத்ததே இல்லை.

"தங்கச்சிகிட்ட கோச்சிக்காதம்மா," என்றார். "அது ஒண்ணும் சொல்லல."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். சாமைக்கொல்லை காலியாக இருந்தது. ஒரு ஆள் கிடையாது. "மாமா, நீங்க எங்க இருக்கறீங்க?" என்று கேட்டேன்.  அவர் போனை வைத்துவிட்டார். எழுந்து வீட்டுக்கு நடந்தவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

அன்றைக்குக் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வயிற்றில் இருப்பதையும் சேர்த்து. அவர் கீழிருந்து மோட்டார் மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். மெக்கானிக் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "இதுல மைக் இருக்குதுங்க. மோட்டார் ஓடுதா, தண்ணி கொட்டுதான்னு போன்லயே கேட்டுக்கலாம். மொதல்ல வெச்ச நம்பர் இன்னும் இதுல இருக்குது. அவர் பண்ணா பெட்டி தானா எடுத்துக்கும், ரிங்கே வராது, பச்ச வெளக்கு மட்டும் எரியும்."

"அந்த மைக்கப் புடுங்கிடுங்க," என்றேன்.

வெட்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். துவரம்பருப்பு அளவுகூட இல்லை. என் மாமியாரைப் பற்றி, கணவரைப் பற்றி, என் உடம்பைப் பற்றி நான் பேசியதெல்லாம் இதற்குள் புகுந்து திருப்பூர் வரைக்கும் போயிருக்கிறது. எத்தனை நாளாக என்று தெரியவில்லை. சிம்மையும் மாற்றினோம்.

இரண்டு நாள் கழித்து மாமா என் கணவரை அழைத்தார். "பெட்டி எடுக்க மாட்டேங்குதுடா," என்றார். கணவர் திட்டுவார் என்று நினைத்தேன். "பொம்பளைங்க பேசறத கேக்கலாமா பெரியப்பா?" என்று மட்டும் கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"உங்க பேச்சுக்காக நான் பண்ணலடா. அந்தப் பொண்ணு பேசிட்டு எழுந்து போன பொறவு, அங்க ஒருத்தர் வந்து நிக்கறாங்க. பேசறது இல்ல. மூச்சு வுடற சத்தம் மட்டும் கேக்கும். உங்க பெரியம்மா அங்கதான மோட்டார் போட்டுட்டு நின்னுக்குனே இருப்பா."

 கணவர் என்னைப் பார்த்து, "புது நம்பர குடுத்துடட்டுமா? பாவம்," என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். மைக் இல்லாத பெட்டியில் அவருக்கு ஒன்றும் கேட்காது என்று தெரிந்தும் எனக்கு மனம் வரவில்லை.

தங்கை வீட்டுக்கு நானே நேரில் போய்ச் சமாதானம் ஆனேன். பிறகு பெண் குழந்தை பிறந்தது. புளி உலுக்கும் காலத்தில் ஒருநாள், மத்தியான பஸ்ஸில் மாமா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். வீட்டுக்கு வராமல் நேரே கிணற்றுமேட்டுக்குப் போனார் என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு நான் மேட்டுக்குப் போனபோது, கொட்டாய்ச் சுவரில் காதை வைத்துக்கொண்டு கண்மூடி நின்றிருந்தார். பெட்டிக்குப் பின்னால் அந்தச் சுவரில் ஒரு ஓட்டை இருக்கிறது. காற்று அதன் வழியாக நுழைந்து மெதுவாக வெளியே போகும். மாமா போனில் சொன்ன பிறகு கணவர் மறுபடி கூட்டிவந்தபோது, மெக்கானிக் அதைத் தொட்டுக் காட்டி, மாமா கேட்ட மூச்சுச் சத்தம் இதுதான் என்று சொல்லியிருந்தார்.

மாமா கண்ணைத் திறந்தார். என்னை நேராகப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"காத்துதானாம்மா அது?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியலிங்க மாமா," என்றேன்.

சொம்பை வாங்கிக் குடித்தார். இருட்டுவதற்குள் கீழே போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, பஸ் வரும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நானும் கொஞ்ச தூரம் தள்ளி உட்கார்ந்தேன்.