சீமை எஞ்சின் நின்ற பங்குனி

எழுபதுகளில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஓடியது சீமை எஞ்சின். இங்கிலாந்தில் செய்தது, என் மாமனார் வாங்கி வைத்தது. அது வந்த கையோடு, மாடு கட்டித் தண்ணீர் இறைத்த கமலையைப் பிடுங்கிப் போட்டுவிட்டாராம். கரண்டுக் கம்பி எங்கள் பக்கம் வரவில்லை. அந்த எஞ்சினை நம்பித்தான் வெள்ளாமை. என் கணவருக்கு அதில் அப்படியொரு பெருமை. கோயம்புத்தூர் எஞ்சின் வைத்திருப்பவர்களைப் பார்த்து, "தகர டப்பா" என்று சிரிப்பார்.

ஒரு பங்குனியில், மிளகாய்ச் செடி பூவும் பிஞ்சுமாக நிற்கும்போது, உள்ளே ஏதோ முறிகிற சத்தத்தோடு எஞ்சின் நின்றுவிட்டது. சங்கரன்கோவிலிலிருந்து மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்தார். எஞ்சினைச் சுழற்றும் கிராங்க் தண்டு உடைந்திருந்தது.

"அண்ணாச்சி, இதுக்கு சாமான் இங்கன கிடைக்காது. சீமையிலேருந்துதான் வரணும். நம்ம நாட்டு எஞ்சின் ஒண்ணு வாங்கிப் போட்டுருங்க. நாளைக்கு எது போனாலும் பஜார்லயே வாங்கிக்கிடலாம்."

"எங்கய்யா வச்சதத் தூக்கி எறியச் சொல்லுதீரா?" என்றார் கணவர். அவர் முகம் சிவந்துவிட்டது.

உடைந்ததைப் பற்றவைத்துப் பார்த்தார்கள். அன்று சாயங்காலமே ஒட்டு விட்டுப்போனது. கணவர் மதுரைக்கு, எஞ்சின் சாமான் விற்கும் கடைக்குப் போனார். சீமைக்கு எழுதிப் போடுகிறோம், சாமானை இறக்க அரசாங்க அனுமதி வேண்டும், பொறுங்கள் என்று அங்கே சொன்னார்களாம். பொறுத்தார். நானும் நாத்தனாரும் குடம் குடமாக இறைத்து ஊற்றினோம். கயிறு உரசிக் கைத்தோல் உரிந்தது. ஊற்றிய தண்ணீரைக் கரிசல் வெடிப்பு அப்படியே விழுங்கியது.

"ஏங்க, மாட்ட வித்தாவது கோயம்புத்தூர் எஞ்சின வாங்குவோம். செடி சாவுது."

"சும்மா கெட ஏட்டி. சாமான் இந்தா வந்துரும்."

சாமான் வரவில்லை. பூ கொட்டியது, பிஞ்சு சுருண்டது. ஒருநாள் விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தவர், உழவு மாடு இரண்டையும் அவிழ்த்துச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார். நான் அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

புது எஞ்சின் வந்தது. மெக்கானிக் கைப்பிடியைச் சுற்றியதும் பிடித்துக்கொண்டது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியது. செடிகள் எழவில்லை. காய்ந்த குச்சிகளுக்கு நடுவே தண்ணீர் பாய்வதைப் பார்த்தபடி அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "இங்கன ஒருத்தன் காத்துக் கெடக்கான்னு அந்தச் சீமைக்காரனுக்குத் தெரியுமாட்டி?" என்று கேட்டார்.

மாடு இல்லாததால் அந்த வருஷம் மழை பெய்தும் ஊரெல்லாம் உழுது முடித்த பிறகுதான் எங்களுக்கு ஏர் கிடைத்தது. விதைப்பு பிந்தி, பருத்தி இடுப்புக்குக்கூட வளரவில்லை. அவர் வாசுதேவநல்லூர்ப் பக்கம் நெல் அறுப்புக்குக் கூலிக்குப் போனார். அடுத்த கோடையில் எஞ்சினில் டீசலைப் பீச்சும் நாசில் பழுதானபோது, காலையில் சங்கரன்கோவிலுக்குப் போன நான் மத்தியானத்துக்குள் புதிதை வாங்கி வந்துவிட்டேன். அந்த எஞ்சினை அவர் தொடுவதே இல்லை. தினமும் கைப்பிடியைச் சுற்றி ஓடவைப்பது என் வேலையாகிவிட்டது. சத்தம் கேட்டதும் அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலின் கடைசி மூலைக்குப் போய்விடுவார்.