முப்பது பவுண்டுக்குள் ஒரு கூடாரம்

என் நாத்தனார் நோலாவுக்குப் பத்தொன்பது வருடமாகச் சீட்டு விழவில்லை. எங்கள் ஊருக்கு மேலே, மரங்கள் எல்லாம் முடிந்துபோகிற உயரத்தில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அங்கே எல்க் மான் சுடுவதற்கு வருடத்துக்கு இருபது பேருக்குத்தான் அனுமதி. மாநிலம் முழுக்க எழுதிப்போடுவார்கள். குலுக்கலில் பெயர் வந்தவர்கள் துப்பாக்கியைத் துடைப்பார்கள், வராதவர்கள் அடுத்த வருடம் வரைக்கும் மற்றவர்களைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். கணவரின் அக்கா என்பதால் நான் அண்ணி என்று கூப்பிடுகிற அவருக்கு இந்த வருடம்தான் விழுந்தது. அறுபத்தொரு வயதில், வலது முழங்காலை அறுத்து உலோக மூட்டு வைத்த பதினோராவது மாதத்தில்.

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். அண்ணி கடிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு, தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். இருபத்தாறு வருடமாக, பனியில் வழுக்குகிற மலைச்சாலையில் ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றி இறக்குகிறவர் அவர். எதற்கும் சட்டென்று முகம் மாறாது. அந்த முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பாதி நாள் எரிச்சல் வரும்.

மருத்துவர் இரண்டே நிபந்தனை போட்டார். முதுகில் முப்பது பவுண்டுக்கு மேல் ஏறக்கூடாது. நடக்கும்போது இரண்டு கையிலும் ஊன்றுகோல் இருக்கவேண்டும். இதில் ஒன்று தவறினாலும் மூட்டு நகர்ந்துவிடும், அப்புறம் வீட்டுப் படி ஏறுவதுகூடச் சந்தேகம்தான் என்று சொல்லி அனுப்பினார். வேட்டைக்கோ துப்பாக்கி வேண்டும், உறங்கும் பை வேண்டும், ஆறு நாள் சாப்பாடு வேண்டும், அக்டோபர் பனிக்குத் தாங்குகிற துணி வேண்டும். அதையெல்லாம் குளியலறைத் தராசில் ஏற்றிப் பார்த்தபோது கூடாரத்துக்கு மிச்சமிருந்தது வெறும் ஐந்து பவுண்டு.

என் கணவர் கர்ட், அண்ணிக்கு மூன்று வயது இளைய தம்பி. இரண்டு குதிரையும், நான்கு பேர் கூத்தடிக்கலாம் என்கிற அளவுக்கு ஒரு கித்தான் கூடாரமும் வைத்திருப்பவர். குதிரையில் அக்காவை ஏற்றிக்கொண்டு போய், இடம் பார்த்து, அடுப்பு மூட்டி, மான் நிற்கிற திசையைக் காட்டுவதாக அவர் திட்டம் போட்டார். கேட்டால் பாசம்தான். அவருடைய பாசத்தில் எப்போதும் கடிவாளம் அவர் கையில்தான் இருக்கும், அது எனக்குக் கல்யாணமான முதல் வருடமே தெரியும்.

அண்ணி ஒரே வரியில் முடித்தார். “குதிரையும் உன்னது, கூடாரமும் உன்னது, வழியும் நீ சொல்றது. அப்புறம் மான் மட்டும் எனக்கா? போடா.”

கர்ட் முகம் சிவந்து கொட்டகைக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் தான்தான் போய் அக்காவைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியிருக்கும் என்று அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்.

ஆகஸ்ட் மாதம் முழுக்க அண்ணியின் புல்வெளியில் கூடாரங்கள் எழும்பின, விழுந்தன. முதலில் வந்தது அடியில் துணித்தரை சேர்த்துத் தைத்தது. பார்க்க லட்சணமாக, ஒரு பூச்சிகூட நுழையமுடியாதபடி இருந்தது. ஆனால் அதற்குள் அடுப்பு வைக்கமுடியாது. இரண்டாவது காற்றுமாதிரி இலேசு, ஆனால் உள்ளே போனால் படுக்கத்தான் முடியும், உட்கார்ந்தால் தலை துணியில் இடிக்கும். படுத்துக்கொண்டே உலோக முழங்காலுக்குக் காற்சட்டை மாட்டிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாவதுதான் தரையே இல்லாதது. கூம்பு மாதிரி ஒரு துணி, விளிம்பில் முளை அடிக்கக் கண்ணிகள், உச்சிக்குப் பக்கத்தில் புகைக்குழாய் வெளியே போக ஒரு ஓட்டை, அவ்வளவுதான். இரண்டேகால் பவுண்டு. தகடாக மடித்துக்கொள்கிற டைட்டானிய அடுப்போடு சேர்த்தால் ஐந்துக்கு ஒரு அவுன்ஸ் குறைவு.

தோட்டத்துத் தண்ணீர்த் தெளிப்பானை அதன்மேல் திருப்பிவிட்டு, என்னை உள்ளே படுக்கவைத்துவிட்டார். புல் முதுகைக் குத்தியது. எங்கிருந்தோ ஒரு வண்டு வந்து என் கையைச் சோதனை போட்டது.

“அண்ணி, எலி வந்தா என்ன பண்ணுவீங்க?”

“எலிக்கு வாசல் எங்கன்னு தெரியும். தரை தைச்சிருந்தா மட்டும் கதவத் தட்டிட்டா வரும்?”

பிறகு பொறுமையாகவே விளக்கினார். பனியிலும் சேற்றிலும் ஊறின காலணியோடு தரையுள்ள கூடாரத்துக்குள் போனால், அத்தனையும் உருகி அதே தரையில் குளமாகத் தேங்கும், இரவு முழுக்க அதில்தான் படுக்கவேண்டும். தரை இல்லாவிட்டால் மண்ணே குடித்துவிடும். காலணியைக் கழற்றக் குனியவேண்டாம், கொட்டுகிற பனியில் வாசலில் ஒற்றைக் காலில் நிற்கவேண்டாம். நேராக உள்ளே வந்து அடுப்பு மூட்டிவிடலாம். குனிவதும் ஒற்றைக் காலில் நிற்பதும் அவருக்கு இப்போது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் விடிந்தால் மூச்சுக்காற்றெல்லாம் துணியின் உட்புறம் வியர்த்து மூக்கின்மேல் சொட்டும் என்பதை மட்டும் நான் சொல்லித்தான் அவர் ஒப்புக்கொண்டார். துடைத்தால் போச்சு என்று ஒரு சமையலறைத் துணியையும் கணக்கில் சேர்த்தார். கூட்டல் சரியாக முப்பதில் நின்றது.

கர்ட் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆப்பிளைக் கடித்தபடி, சாவகாசமாகக் கேட்டார். “அக்கா, நடுவுல அதத் தாங்கிப் பிடிச்சிருக்கே, அது என்ன?”

அண்ணி திரும்பிப் பார்த்தார். அந்தக் கூடாரத்துக்குத் தனியாகக் கம்பு கிடையாது, எடை குறையவேண்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். அவருடைய இரண்டு ஊன்றுகோல்களையும் சேர்த்துக் கட்டித்தான் நிறுத்தியிருந்தார்.

“காலையில கூடாரம் ஊன்றுகோல்ல நிக்கும். நீ எதுல நடப்ப?” என்றார் கர்ட்.

ஒரு மாதம் அவுன்ஸ் அவுன்ஸாகப் பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும். பல்துலக்கும் தூரிகையின் கைப்பிடியைக்கூட எடை குறைய அறுத்துப்போட்டிருந்தோம். ஆனால் ஒரே ஊன்றுகோலை இரண்டு தடவை கணக்கில் வைத்தது எங்கள் கண்ணில் படவேயில்லை. தனிக் கம்பு வாங்கினால் முள் முப்பதைத் தாண்டும். மேல்பள்ளத்தில் வெட்டலாம் என்றால் அங்கே முழங்கால் உயரத்துக்குமேல் ஒரு செடி கிடையாது. எனக்குக் கர்ட்டை அந்த ஆப்பிளாலேயே அடிக்கவேண்டும்போல இருந்தது.

அண்ணி அன்று சாயங்காலம் வரை படியில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய் இரண்டு ஊன்றுகோலையும் உருவினார். கூடாரம் மெதுவாகத் தரையில் படிந்தது. முளைகளை அவர் தொடவில்லை. உறங்கும் பையும் அடுப்பும் அந்தத் துணிக்கடியில் போர்த்தினமாதிரி கிடந்தன. மறுபடி உள்ளே தவழ்ந்துபோய் ஊன்றுகோலைக் கட்டி நிமிர்த்தினார்.

“காலையில படுக்கப் போட்டுட்டுப் போவேன். சாயங்காலம் எழுப்பிக்குவேன்.”

முதல் நாள் பதினெட்டு நிமிடம் ஆனது. பள்ளி திறந்தபிறகு தினமும் பேருந்தை நிறுத்திவிட்டு வந்து, கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு பழகினார். செப்டம்பர் கடைசியில் நான்கு நிமிடத்துக்கு வந்துவிட்டது. கூடாரம் நின்றால் அண்ணி நடக்கவில்லை, அண்ணி நடந்தால் கூடாரம் படுத்திருக்கும். எங்கள் வீட்டில் இது ஒரு சட்டமாகவே ஆகிப்போனது.

அக்டோபர் இரண்டாவது வாரம் தனியாகப் புறப்பட்டார். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகிற சின்னக் கருவி ஒன்று கையில் இருந்தது. அதில் தினமும் சாயங்காலம் ‘சாப்பிட்டேன்’ என்று ஒரே சொல் வரும். அது வரும்வரை கர்ட் எதையாவது தட்டிக்கொண்டும் தேய்த்துக்கொண்டும் இருப்பார், வந்ததும் சாப்பிட உட்காருவார். மூன்றாம் நாள் மலையில் நல்ல பனி விழுந்தது. நான்காம் நாள் மாலை ஒரு வரி வந்தது. ‘மான் விழுந்தது. இப்போது குதிரை கொண்டுவரலாம்.’

மறுநாள் விடியும்போதே இரண்டு குதிரைகளோடு ஏறினோம். கர்ட் வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். மதியம் மரங்கள் முடிகிற விளிம்பு தெரிந்தபோது சீட்டி நின்றது. பனியில், கடைசி மரங்களுக்கு நடுவே, கூடாரம் நின்றுகொண்டிருந்தது. நட்டநடு மதியம், விறைப்பாக, ஒரு சுருக்கமில்லாமல் நின்றது. புகைக்குழாயில் புகை இல்லை.

“நடக்க முடியல,” என்றார் கர்ட். “அக்கா உள்ள கெடக்கா.”

குதிரையிலிருந்து குதித்து, முழங்கால் அளவு பனியில் ஓடினார். நான் அவர் பின்னால் விழுந்து எழுந்து போனேன். அந்தக் கூடாரம்தான் நல்லது என்று தலையாட்டினவளும் நான்தானே. கர்ட் வாசலைக் கிழிக்காத குறையாகத் திறந்தார்.

உள்ளே யாரும் இல்லை. உறங்கும் பை சுருட்டி வைத்திருந்தது. அடுப்பின்மேல் பாத்திரத்தில் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. கூடாரத்தின் நடுவில் ஊன்றுகோல் இல்லை, ஒன்றுமே இல்லை. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். உச்சியிலிருந்து ஒரு மெல்லிய கயிறு மேலே போய், தலைக்குமேல் நீண்ட ஒரு பைன் கிளையில் கட்டியிருந்தது.

அப்போது ஓடைப் பக்கம் பனி நொறுங்குகிற சத்தம் கேட்டது. அண்ணி ஏறி வந்துகொண்டிருந்தார். இரண்டு கையிலும் ஊன்றுகோல், முதுகில் பை, முகமெல்லாம் கரி. பனி விழுந்ததும் மான்கள் மரங்களுக்குள் இறங்கினவாம், இவரும் இறங்கினாராம். மரம் இருந்தால் கயிறு போதுமே. இதை எங்களுக்கு எழுத நினைத்தாராம், ஆனால் விரல் விறைத்துப்போயிருந்ததாம்.

“இது அஞ்சாவது நடை,” என்று பையை இறக்கிவைத்தார். “எலும்ப எடுத்துட்டுக் கறியப் பிரிச்சு வெச்சிருக்கேன். ஒவ்வொண்ணும் முப்பது பவுண்டு. கூட ஒரு அவுன்ஸ் கிடையாது. இன்னும் ரெண்டு நடை பாக்கி.”

கர்ட் வாசலில் நின்றபடி பனி அப்பின காலணியைக் கழற்றக் குனிந்தார், பனியில் இறுகின முடிச்சு அவிழவில்லை.

“அதக் கழட்ட வேணாம். அப்படியே உள்ள வா,” என்றார் அண்ணி.

மூன்று பேரும் மண்தரையில் உட்கார்ந்தோம். அண்ணி சுள்ளி போட்டு அடுப்பைப் பற்றவைத்தார். கர்ட்டின் காலணியிலிருந்து பனி உருகி மண்ணுக்குள் போயிற்று. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று தொப்பியை முகத்துக்குமேல் இழுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. இருபத்தொன்பது வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அண்ணி சமையலறைத் துணியை எடுத்து அவர் மடியில் போட்டார்.

“அழுறதுன்னா வெளிய போய் அழுடா. ஏற்கெனவே இங்க மேலேர்ந்து சொட்டுது.”

கர்ட் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெளியே போகவில்லை.