ஒற்றைக் கை ஜாக்கெட்

போன மாதம் வரை என் தையல் மெஷினின் இழுப்பறையில் ஒரு நீல ஜாக்கெட் கிடந்தது. பூவோ கரையோ இல்லாத வெறும் பருத்தித் துணி. இடது கை கச்சிதமாக வைத்துத் தைத்திருக்கும். வலது பக்கம் வெறும் வளைவுதான். வெட்டிய கை தனியாக மடித்து உள்ளே செருகியிருக்கும். பக்கங்கள் இன்னும் மூட்டப்படவில்லை. என் மெஷின் என்று சொல்வதே பொய். மெஷினும் ஜாக்கெட்டும் சிதம்பரத்தில் இருக்கும் என் அண்ணியுடையவை.

கல்லூரியில் படித்த மூன்று வருடமும் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. மத்தியானம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்ததும் அண்ணி நடு அறைக் கதவை முக்கால்வாசி சாத்திவிட்டு மெஷின் முன்னால் உட்காருவார். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நாலு மணிவரை அது அவருடைய நேரம். ரேடியோ கூடாது. துணி வெட்டும் கத்தரியால் காகிதத்தை வெட்டிவிட்டால் அன்று முழுக்க என்னோடு பேச்சு கிடையாது. டேப்பை நம்பமாட்டார், பழைய ஜாக்கெட்டை விரித்துப் போட்டுத்தான் அளவெடுப்பார். பக்கத் தையலுக்கு எல்லோரும் விடுவதைப் போல இரண்டு மடங்கு துணி விட்டு வெட்டுவார். “இவ்ளோ துணி உள்ள இருந்தா உறுத்தாதா அண்ணி?” என்று கேட்டிருக்கிறேன். “ஒடம்பு இப்படியேவா இருக்கப் போவுது?” என்பார்.

இதையெல்லாம் விட்டுவிடலாம். ஆனால் தனக்கு மட்டும்தான் தைப்பார் என்பதை யாராலும் ஜீரணிக்க முடியவில்லை. அண்ணன் சட்டைக்குப் பொத்தான் வைப்பார், மகள் பாவாடைக்கு விளிம்பு மடித்து அடிப்பார், அதுவும் கையால். மெஷினில் இன்னொருவருக்காக ஒரு தையல் ஓட்டியதில்லை. பிள்ளைகளின் யூனிஃபார்ம்கூட டெய்லர் கடைக்குத்தான் போகும். “வூட்லயே மெஷினு வச்சிக்கினு கடைக்குக் குடுக்கறா பாரு, எவ்ளோ திமிரு” என்று பெரியம்மா சொல்லும்போது நானும் சிரித்திருக்கிறேன். எனக்கு அப்போது காலில் சக்கரம். அந்தச் சாத்திய கதவுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடப்பேன். தண்ணீர் வேண்டுமா என்று உள்ளே போவேன், மணி என்ன என்று மறுபடி போவேன். ஒருத்தி தனியாக இரண்டு மணி நேரம் நிம்மதியாக இருப்பது எனக்கு ஏனோ பொறுக்கவில்லை.

காடாம்புலியூரில் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம் வந்தது. அக்கா தங்கைகள் எட்டுப் பேரும் ஒரே நிறத்தில் ஜாக்கெட் போட வேண்டும் என்று ஆசைப்பட்டோம். முகூர்த்த சீசன், எந்த டெய்லரும் கையில் வாங்கவில்லை. “எங்க அண்ணி இருக்காங்க இல்ல, தச்சிடுவாங்க” என்று சொன்னது நான்தான். யாரும் என்னிடம் கேட்கவில்லை. அந்த நிமிஷம் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள் பாருங்கள், அதற்காகத்தான் சொன்னேன்.

துணிப்பையோடு நான் சிதம்பரம் வந்து இறங்கிய மத்தியானம் அண்ணி இந்த நீல ஜாக்கெட்டைத்தான் தைத்துக்கொண்டிருந்தார். இடது கை முடிந்து, வலது கையைக் குண்டூசிகளால் பொருத்தியிருந்தார். நான் செருப்பைக் கழற்றும்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

“எத்தினி பேரு?” என்றார்.

“எட்டுப் பேரு அண்ணி. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

“சொல்லிட்டியா?”

அவ்வளவுதான் கேட்டார். வலது கையில் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி டப்பாவில் போட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எட்டு ஜாக்கெட்டும் அச்சாகப் பொருந்தின. மண்டபத்தில் பெண்கள் அண்ணியைச் சூழ்ந்துகொண்டார்கள், நான் பெருமையில் மிதந்தேன். அதன்பிறகு வீட்டுக்குத் துணிப்பை வராத வாரமில்லை. அதுவரை “அவ தைக்க மாட்டா” என்று சொல்லி அனுப்பிவந்த அண்ணனும், “மத்தியானம் சும்மாதான இருக்கா, வச்சிட்டுப் போங்க” என்று வாங்கி வைக்க ஆரம்பித்தார். எட்டுப் பேருக்குத் தைத்தவர் ஒன்பதாவது ஆளிடம் என்ன சொல்லி மறுப்பது? நடு அறைக் கதவு எந்நேரமும் திறந்தே கிடந்தது. அடுத்த வருடம் முழங்கால் வலி என்று சொல்லி மெஷினை மூடினார். அதன்மேல் இஸ்திரிப் பெட்டி ஏறியது. அதே முழங்காலோடு அவர் தினமும் மொட்டைமாடி ஏறித் துணி உலர்த்தியதை நான் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகிக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் குடித்தனம் வைத்தபோது, “மெஷின நீ எடுத்துக்கினு போ, எனக்கு வேணாம்” என்றார். சந்தோஷமாக, கத்தரியோடு சேர்த்து வேனில் ஏற்றிக்கொண்டு வந்தேன். சந்தோஷமாக! இழுப்பறையில் ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு, மறந்து வைத்துவிட்டீர்கள் என்று போனில் சொன்னேன். “அங்கயே கெடக்கட்டும்” என்றார்.

வேலை, பிள்ளைகள் என்று வருடங்கள் ஓடின. பிள்ளைகள் வெளியூர் போன பிறகுதான் நான் மெஷினில் உட்கார்ந்தேன். அண்ணியின் நிதானம் எனக்கு வராது. தைப்பேன், பிடிக்காது, பிரிப்பேன். ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்தில் என்னை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. ஒருநாள் எதிர்வீட்டுப் பெண் வந்து, “சும்மா ஒரு தையல் போட்டுக் குடுங்கக்கா” என்று தலையணை உறையை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். என் நேரத்துக்குள் வேறு யாரோ ஏறி உட்கார்ந்துகொண்டது போல இருந்தது. ஒரு தலையணை உறைக்கே எனக்கு இப்படி என்றால், எட்டு ஜாக்கெட்டுக்கு அவருக்கு எப்படி இருந்திருக்கும்? வெட்கமாக இருந்தது. அன்றுமுதல் இழுப்பறையைத் திறந்தால் உடனே மூடிவிடுவேன். அந்த வலது கையை நானே தைத்துவிடலாம் என்று இரண்டு முறை எடுத்தேன். இரண்டு முறையும் பால் பொங்குகிறதா என்று பார்க்க எழுந்து ஓடினேன். அடுப்பையே பற்ற வைத்திருக்கவில்லை.

போன மாதம், கண் ஆபரேஷனுக்குப் பிறகான பரிசோதனைக்காக அண்ணி கடலூர் வந்து எங்களோடு நாலு நாள் தங்கினார். பார்வை நன்றாக இருக்கிறது, எல்லா வேலையும் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் மத்தியானம் ஜாக்கெட்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

“நான்தான் அண்ணி கெடுத்தேன். உங்கள ஒரு வார்த்த கேக்காம சொல்லிட்டேன்.”

“மொதல்ல ஒக்காரு.”

என்னால் உட்கார முடியவில்லை. அண்ணி ஜாக்கெட்டைப் புரட்டி உள்பக்கம் பார்த்தார்.

“இப்ப உங்களுக்குப் பத்தாதே” என்றேன் அசட்டுத்தனமாக.

“உள்ள துணி விட்டுத்தான வெட்டியிருக்கேன்” என்று ஓரத்தை விரலால் நீவினார். “கத்தரி எங்க? பேப்பரு கீப்பரு வெட்டினியா அதுல?”

“இல்ல அண்ணி” என்றேன். வெட்டியிருந்தேன்.

கத்தரியை வாங்கிக்கொண்டு அவர் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். நான் வெளியே வந்து கதவை முக்கால்வாசி சாத்தினேன். கூடத்தில் நடந்தேன். கொஞ்ச நேரத்தில் மெஷின் தடுக்கித் தடுக்கி ஓடிப் பிறகு சீரானது. எட்டிப் பார்க்கக் கால் பரபரத்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கலாம். கேட்கவில்லை.

எதிர்வீட்டுப் பெண் வாசல் கேட் அருகே வந்து நின்றாள். “அக்கா, யாரு தைக்கிறது? சத்தமே ஜோரா இருக்கு. எனக்கு ரெண்டு ஜாக்கெட்டு தைக்கணும், எடுத்துக்கிட்டு வரட்டா?”

அந்தப் பழைய பெருமை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

“எங்க அண்ணி. அவுங்க யாருக்கும் தைக்க மாட்டாங்க” என்றேன், உள்ளே கேட்கும்படியாக.

மெஷின் நின்றது. நானும் நின்றேன். பிறகு அது மறுபடி ஓட ஆரம்பித்தது. வலது கையாகத்தான் இருக்க வேண்டும்.