விறகுக்காடு எங்கே இருக்கிறது

எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள மலைக்காடு ஒரு காலத்தில் ராஜாவுக்குச் சொந்தம். அந்தக் காட்டை அரண்மனை எப்படி நிர்வகித்தது என்பதுதான் கலிஃபோர்னியாவில் என் முதுகலை ஆய்வு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பயத்திலேயே அரண்மனைப் பதிவேட்டை ஒரு வரி விடாமல் வாசித்தேன். அதிலுள்ள இடப்பெயர்களை வரைபடத்தில் குறித்துத் திங்கட்கிழமை பேராசிரியருக்கு அனுப்ப வேண்டும். தவறினால் இந்த செமஸ்டரில் பட்டம் இல்லை.

ஆனைக்கசம், பட்டிப்பாறை எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டன. விறகுக்காடு மட்டும் அடங்கவில்லை. பதிவேட்டின் ஒரு பக்கத்தில் ஓடைக்கு வடக்கே இருந்தது, இன்னொன்றில் தெற்குச் சரிவில், மூன்றாவதில் மேற்கே பட்டிப்பாறைக்கும் மேலே. கணக்கப்பிள்ளை தூக்கக் கலக்கத்தில் எழுதியிருப்பார் என்று வடக்கை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அடித்துவிட்டேன். 'எழுதியவர் பிழை' என்று அடிக்குறிப்பும் போட்டேன். முன்கூட்டியே காட்டிய வரைவைப் பேராசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். பிழை என்பதற்கு ஆதாரம் வேண்டுமாம்.

அயர்லாந்து டப்ளின் இல்லை, கலிஃபோர்னியாவிலேயே உள்ள டப்ளினில் ஒரு தமிழ் அண்ணா வீட்டில் அறை எடுத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை அவர் என் கதவைத் தட்டினார். "ஸ்க்ரீனையே முறைச்சா காடு வந்துருமா தம்பி? ஷூவப் போடு." அவருடைய ஆறு வயது மகளும் சேர்ந்துகொள்ள, லிவர்மோர் பக்கத்து மலைக்கு ஹைக்கிங் போனோம். வேலியும் கேட்டுமாகத் தடுத்து மாடு மேய்க்கிற மலை அது.

முதல் மேட்டில் ஏழெட்டு மாடுகள் நின்றன. "திஸ் இஸ் கவ் ஹில்," என்றாள் அவள்.

"இல்லடா கண்ணா. கவ் ஹில் அந்தப் பக்கம். போன மாசம் போனோம்ல?"

"நோ அப்பா. கவ்ஸ் ஆர் ஹியர். ஸோ திஸ் இஸ் கவ் ஹில்."

"அப்ப அது என்ன?"

"தட் வாஸ் கவ் ஹில்."

"லா காலேஜுக்கு இப்பவே அப்ளை பண்ணிரலாம்," என்றார் அண்ணா.

நான் நின்றுவிட்டேன். "மாட்ட ஏன்ணா இடம் மாத்துறாங்க?"

"ஒரே எடத்துல விட்டா புல்லு வேரோட போயிரும்ல. கேட்ல எழுதி வச்சிருக்கான். படிக்கிற புள்ள நீதான் படிக்க மாட்டேங்கிற."

வீட்டுக்கு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் பதிவேட்டைத் திறந்தேன். இந்த முறை இடத்தை விட்டுவிட்டு வருஷத்தைப் பார்த்தேன். மூன்று குறிப்பும் அடுத்தடுத்த மூன்று வருஷங்கள். ராஜா காட்டை நாலு பங்காக்கி, வருஷத்துக்கு ஒரு பங்கில் மட்டும்தான் ஜனங்களை விறகு பொறுக்க விட்டார். எந்தப் பங்கு திறந்திருக்கிறதோ, அந்த வருஷம் அதுதான் விறகுக்காடு. இந்த நாலு பங்கு ஏற்பாட்டைப் பற்றி என் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு முழுப் பக்கமே எழுதியிருக்கிறேன் என்பதுதான் வேடிக்கை.

அடிக்குறிப்பை அழித்தேன். மூன்று இடத்திலும் அதே பெயரை வருஷத்தோடு எழுதி ஞாயிற்றுக்கிழமையே அனுப்பினேன். நாலாவது வருஷத்துத் தாளைப் பூச்சி தின்றுவிட்டது. ஆனால் மிச்சம் இருந்தது கிழக்குப் பங்கு ஒன்றுதான். அங்கேயும் பெயரை எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.

திங்கட்கிழமை பதில் வந்தது. ஏற்றுக்கொண்டார். ஒரே படத்தில் நாலு வருஷமும் நெரிசலாக இருக்கிறது, வருஷத்துக்கு ஒன்றாக நாலு படம் வரைந்து வெள்ளிக்கிழமைக்குள் தா, பட்டத்துக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

"ஒண்ணு கேட்டவரு நாலு கேக்குறாரே," என்றார் அண்ணா.

"கேக்கட்டும்ணா," என்று முதல் வருஷத்தை வரைய உட்கார்ந்தேன்.