அம்மா சொல்லாத சொல்

பிள்ளைகளே, அந்தக் கண்காட்சியில் நீங்கள் கேட்டது உங்கள் அம்மா பேசியதல்ல. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணபதி ஏரியாவில் இருக்கும் நம் மோட்டார் ரிப்பேர் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பெண் வந்தாரே, கம்ப்யூட்டரை வைத்துக் கலை செய்கிறவர். இறந்துபோனவர்கள் போனில் பேசி அனுப்பியதைச் சேர்த்து, அந்தக் குரலைத் திரும்பப் பேச வைப்பதுதான் அவர் வேலை. மோட்டார் ஓடும் சத்தத்தைப் பதிவு செய்ய வந்தவர், மேசையில் கிடந்த அம்மாவின் போனைப் பார்த்து விசாரித்தார். அம்மா எனக்கு அனுப்பிய ஆறு வாய்ஸ் மெசேஜ் அதில் இருந்தன. காப்பி எடுத்துக்கொண்டார்.

"அண்ணா, அக்கா சொல்லாததையும் சொல்ல வைக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

எனக்கு அதில் இஷ்டமில்லை. ஆனால் கம்பித் துண்டுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து நம் டீயைக் குடித்த பெண். தேடி வந்தவரிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. "செய்யுங்க அம்மணி" என்றுவிட்டேன்.

அவர் கண்காட்சி வைத்த பழைய மில் குடோனில், இருட்டறையில், "கண்ணு, சாப்பிட்டியா? நான் இங்க நல்லா இருக்கேன்" என்று அம்மா குரல் வந்தது. சின்னவளே, நீ ஸ்பீக்கரிடம் ஓடி, "அம்மா, நானும் வாரேன்" என்றாய். ஓடி வந்து உன்னைத் தூக்கிக்கொண்டேன்.

பெரியவனே, நீ என் சட்டையை இழுத்தாய். "ஏனுங்கப்பா, அம்மா எப்போ இப்படிச் சொல்லுச்சு?"

அந்தப் பெண் பக்கத்தில் கண் கலங்கி நின்றிருந்தார். அவர் மனம் நோகக்கூடாது என்று, "அம்மாதான் சாமி, பேசாம கேளு" என்றேன். பொய்.

போன வாரம் உங்கள் சண்டை.

"அம்மா என்னையத்தான் கண்ணுன்னு கூப்பிட்டாங்க. உன்னையக் கூப்பிடலையே!"

"கம்ப்யூட்டர்தான் கூப்பிட்டுச்சு. நீ கம்ப்யூட்டருக்குப் பொறந்தவளா?"

தங்கச்சி அழுததும் அண்ணனை அடித்துவிட்டேன். நிஜத்தைச் சொன்னவன் அவன்தான். கன்னத்தில் விரல் பதிந்ததைப் பார்த்தேன்.

சின்னவளே, அம்மா போகும்போது உனக்கு மூன்று வயது. உனக்கு நினைவிருக்காது. அம்மா உன்னை ஒருநாளும் கண்ணு என்றதில்லை. அந்த ஆறு மெசேஜில் ஒன்று இது: "ஏனுங்க, வரும்போது தோசை மாவு வாங்கிட்டு வாங்க. உங்க கழுதை காலையில இருந்து ஒண்ணும் திங்கலை. என்னைய ஒரு பக்கம் உக்கார உடறதில்லை." கழுதை என்றது உன்னைத்தான்; பின்னால் நீ சிரிப்பது கேட்கும். நல்லா இருக்கேன் என்று அவள் ஆஸ்பத்திரியில்கூடச் சொல்லவில்லை.

இன்று காலை அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, "அதை நிறுத்திடுங்க அம்மணி" என்றேன். "செரிங்ணா" என்றார்.

எரிந்த மோட்டார் ரிப்பேருக்கு வந்தால், மாறிப்போகாமல் இருக்கத் துணி டேப் ஒட்டி யாருடையது என்று எழுதுவோம் இல்லையா? நீங்கள் பள்ளிக்குப் போனபின் அம்மாவின் போனைத் துடைத்தேன். பின்பக்கம் அந்த டேப்பை ஒட்டி, 'இதில் இருப்பது அம்மா பேசியது' என்று எழுதினேன். மை காயும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.