ஆஸ்திரேலியாவுக்குப் போகாத நாயுருவி

பத்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் கூடினால் பின்னால் போய் நிற்பவள். எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம்தான், படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் தென்னை நார்க்கழிவுக் களத்தில் வேலை செய்கிறேன். மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் தூளைக் கழுவி, சிமெண்டுக் களத்தில் காய வைத்து, மெஷினில் கட்டியாக அழுத்திக் கப்பலில் அனுப்புகிறார்கள். வெளிநாட்டில் மண்ணுக்குப் பதிலாக அதில் செடி வளர்க்கிறார்களாம். அதனால் களை விதை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

தரம் பார்க்க வந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான். விவசாயம் படித்தவள். எந்த நாட்டுக்கு எந்தச் செடி ஆகாது என்று ஆபீஸ் சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தாள். ஒரு நாடு விட்டதை இன்னொரு நாடு விடாது. பார்த்தீனியத்தை ஒழிக்கக் கர்நாடகத்தில் சட்டமே உண்டு என்பாள். நம் பக்கம் அது ரோட்டோரமெல்லாம் பூத்துக் கிடக்கிறது. "உண்ணிச்செடி வெள்ளைக்காரன் அழகுக்குக் கொண்டாந்து வெச்சதுங்கக்கா. இன்னைக்கி மலையெல்லாம் அதுதான். அப்பக் கேக்க ஆளில்லை" என்று ஒருநாள் சொன்னாள்.

களத்துக்குள் நுழையுமுன் வாசலில் சேலையை உதறி, கால் கழுவ வேண்டும். அது அவள் போட்ட சட்டம்.

போன மார்கழியில் ஒருநாள் ஆட்டை மேய்ச்சல் காட்டில் கட்டிவிட்டு வர நேரமாகிவிட்டது. சேலையை உதறாமல் பக்கவாட்டு வழியாக உள்ளே போய்விட்டேன். டீ குடிக்க உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன், சேலைக் கரையெல்லாம் நாயுருவி விதை ஒட்டிக் கிடந்தது. நடுவில் சில இடம் வெறுமையாக இருந்தது. அங்கிருந்தவை காலையிலிருந்து நான் கிளறிய தூளில்தான் விழுந்திருக்க வேண்டும்.

அந்தத் தூள் ஆஸ்திரேலியாவுக்கு மறுநாள் ஏற்ற வேண்டியது. சுத்தம் என்று கையெழுத்துப் போடுகிறவள் அந்தப் பெண். அங்கே ஒரு விதை அகப்பட்டாலும் சரக்கு திரும்பும், அவள் பேர் கெடும்.

"தட்டிப்போட்டுப் பேசாம வாங்கம்மணி. நாலு நாயுருவிக்கு ஆஸ்திரேலியா அழிஞ்சா போயிரும்?" என்றாள் கூட வேலை செய்கிறவள்.

"அங்க மேய ஆடில்லையாக்கும். இவிய ஆட்டையும் கட்டியோட சேத்து அனுப்பி உடுங்" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

ஆபீஸ் கதவருகில் போய் நின்றேன். அந்தப் பெண்ணே நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணு, தப்புப் பண்ணிப்போட்டேன்" என்று கரையைக் காட்டினேன்.

அவள் திட்டவில்லை. குனிந்து பார்த்தாள். "எங்கெங்க நடந்தீங்கக்கா? அதே மாதிரி ஓரமா நடந்து காட்டுங்" என்றாள். நான் நடக்க நடக்க, பின்னாலேயே சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். காயப்போட்ட தூளில் முழுசாக இரண்டு பாத்தி கோட்டுக்குள் வந்தது.

முதலாளி வந்துவிட்டார். "ரெண்டு பாத்தியும் போனாச் சரக்கு பத்தாதே கண்ணு. சலிச்சுப்போட்டு ஏத்திரலாமில்ல?"

"சல்லடையில நார் தும்புதான் நிக்கும், விதை தூளோட கீழ எறங்கிருமுங்கண்ணா. ஏத்துறதுன்னா ஏத்துங்க. நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க."

குரலை உயர்த்தவே இல்லை. வயல் வரப்பில் நின்று பேசுகிற மாதிரிதான் சொன்னாள். இத்தனை வருடத்தில் அவர் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னவர்களை நான் பார்த்ததில்லை.

"யாரு கொண்டாந்தது?" என்றார். நான் வாய் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள்.

"நம்மாளுகதானுங்க. அவியளே வந்து சொன்னாங்க. சொல்லாம உட்டிருந்தா நமக்கு எப்படித் தெரியுமுங்க?"

அவர் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். "செரி, அதை நம்ம தென்னந்தோப்புல கொட்டிருங்க. அங்க இல்லாத நாயுருவியா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படித்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே போகாத ஒரு தேசத்து மண்ணுக்காக, சம்பளம் கொடுப்பவரிடம் மாட்டேன் என்று சொன்னது இவள்தான். என்னைக் காட்டிக்கொடுக்காமலே உண்மையைச் சொன்னதை இப்போதும் நினைத்து நினைத்து ஆச்சரியப்படுகிறேன்.

மறுநாள் லாரி மதியம் வந்தது. கட்டி குறைவாகத்தான் ஏற்றினார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள்.