விளாம்பிசின் மேசை

கார்த்திகை மழை தொடங்கி நாலாம் நாள் ஐயாவின் மேசையிலிருந்து ஒரு சங்குத் துண்டு கழன்று என் காலடியில் விழுந்தது. சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும், மல்லிகை இதழின் வடிவம். அதைச் சாணைக்கல்லில் தேய்த்து அந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தவள் நான்தான், இருபது வருடங்களுக்கு முன்பு, தும்மித் தும்மி. குனிந்து எடுத்துக்கொண்டு பார்த்தேன். மேசையின் மேலே ஒட்டியிருந்த மெல்லிய மர ஏடும் வழக்கம்போல இடதுபக்க மூலையில் வாயைப் பிளந்திருந்தது. ஒவ்வொரு மாரிக்கும் இதே கூத்துத்தான். ஐயா இருந்தவரை அவரே பிசின் சட்டியோடு வந்து ஒட்டிவிடுவார், வேறொருவரையும் கிட்ட விடமாட்டார். இந்த மாரிக்கு ஐயா இல்லை. மேசை மட்டும் அதன் நாளுக்குச் சரியாகத் திறந்துகொண்டது.

ஐயா கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். எங்கள் ஊரான கரம்பொன்னில் அவருக்குப் பெயரே கிளாக்கரையாதான். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் ஆறு மாத விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். கையில் ஒரு பெட்டி, கக்கத்தில் பழைய பத்திரிகையில் சுற்றிய நீளமான சுருள். சுருளுக்குள் கடதாசி போலச் சீவிய தேக்கமர ஏடுகள் இருந்தன. மொறட்டுவையிலிருந்து வரும் ஒரு சக கிளாக்கர் பிரியாவிடைக்குக் கொடுத்ததாம். பிரியாவிடை எதற்கு என்று அம்மா கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அரசாங்க வேலைக்குச் சிங்களம் கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டதால், ஐயா சிங்களச் சோதினை எழுத வேண்டும். எழுதித் தேறினால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த ஆறு மாதத்துக்குள் எழுதுவதா விடுவதா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். ஊருக்கு அவர் முடிவு எப்போதோ தெரிந்துவிட்டது. வாசிகசாலையில் அவரைக் கண்டால் எழும்பி இடம் விட்டார்கள். “கிளாக்கரையா தலை குனிய மாட்டார்” என்று அவருக்கு முன்னாலேயே சொன்னார்கள். ஐயா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பின்வளவுக் கொட்டிலில் போய் வேப்பம் பலகைகளை அடுக்கத் தொடங்கினார்.

அவர் அதுவரை உளி பிடித்ததை நாங்கள் கண்டதில்லை. மேசை எதற்கு என்று கேட்டால், “துரையின்ரை மேசைக்கு முன்னாலை இருபது வருசம் நிண்டனான். ஒருக்கா பின்னாலை இருந்து பாக்கவேணும்” என்றார். அந்தத் துரையின் மேசையை நின்ற நிலையிலேயே கண்ணால் அளந்து மனப்பாடம் செய்திருந்தார். மேலே தேக்கு ஏடு, சுற்றிவரக் கறுப்புக் கரை, நாலு மூலையிலும் வெள்ளைப் பூ. கறுப்புக்குப் பனைமரத்தின் வைரத்தை எடுத்தார். வெள்ளைக்குச் சங்கு. அம்மா தினமும் தேத்தண்ணியோடு கொட்டில் வாசலில் போய் நின்று, “இஞ்சாருங்கோ, என்ன முடிவு?” என்பார். ஐயா தலை நிமிராமல், “மேசை முடியட்டும்” என்பார். அப்படியாக எங்கள் வீட்டின் எதிர்காலம் முழுவதும் ஒரு மேசையில் வந்து நின்றது.

அது முடியவேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவர் எவரும் இல்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஐயா வேலைக்குத் திரும்பினால் என்னையும் கொழும்புக்குக் கூட்டிப்போவதாகவும், வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் விட்டுத் தட்டெழுத்துப் படிப்பிப்பதாகவும் முன்பு ஒருமுறை சொல்லியிருந்தார். அவர் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டியில் மூன்று சேலை, புதுச் சீப்பு, சேர்ட்டிபிக்கட் எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்த அவசரத்தில்தான் சங்கு தேய்க்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். பூவுக்கு நாலு இதழ், நாலு மூலைக்கும் பதினாறு. மூக்கு, கண்புருவம் எல்லாம் வெள்ளைத் தூள். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் என்னையும் உள்ளே விடமாட்டார். “அளவு போடுறன் பிள்ளை. வந்தால் பிழைச்சுப்போம்” என்பார். கொட்டில் படலைக்கு வெளியே நின்றால் பலகையில் பென்சில் உரசும் சத்தம் கேட்கும். இந்த மனிதர் எத்தனை நாளைக்குத்தான் அளவு போடுவார் என்று எனக்கு எரிச்சல் வரும்.

ஏடு ஒட்டும் நாள் நெருங்கியபோது வள்ளம் கட்டும் ஓடாவியார் ஊர்காவற்றுறைக் கரையிலிருந்து வந்தார். ஐயாவுக்கு இறுக்கிச் சட்டங்கள் இரவல் கொடுத்தவர் அவர்தான். ஒரு தகரப் பேணியில் வச்சிரப் பசைக் கட்டிகளும் கொண்டுவந்து, இதைத் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்துக் காய்ச்சவேண்டும் என்றார். குசினியில் அடுப்பு மூட்டப் போன அம்மா, இது எதில் செய்வது என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். ஓடாவியார் பொய் சொல்லத் தெரியாத மனிதர். மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுப்பது என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் முட்டைகூடப் படலை தாண்டி வராது. “மாட்டுத் தோலோ? என்ரை குசினியிலையோ? முத்தத்திலையும் ஏலாது!” அம்மா பேணியை விளக்குமாற்று ஈர்க்கால் தள்ளித் தள்ளி வாசல்வரை கொண்டுபோய் விட்டார். பிறகு அவரே வீட்டுக் கோடிப்புறத்து விளாத்தி மரத்தில் பிசின் சுரண்டி ஊறவைத்துக் கொடுத்தார். ஓடாவியார் தலையைச் சொறிந்தார். “கிளாக்கரையா, இது கோடைக்கு நிக்கும், மாரிக்கு நிக்காது. இதை நான் வள்ளத்துக்கு வைச்சால் மண்டைதீவு தாண்டாது.” ஐயா சிரித்தபடி, “இது வீட்டுக்குள்ளை நிக்கிற மேசை ஓடாவியார், நீர் பயப்பிடாதையும்” என்றார். ஏட்டை அவர் தனியாக ஒட்டினார். மேலே முருகைக்கற்களும் அம்மாவின் அம்மியும் ஏறின. ஐந்து நாள் வீட்டில் சம்பல் இல்லை.

கல்லை இறக்கிய அன்று மேசை விறாந்தைக்கு வந்தது. உண்மையில் அழகான மேசை. அம்மாகூட வாயில் கை வைத்தார். ஐயா ஒரு கதிரையை இழுத்துப் பின்னால் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் ஏட்டின்மேல் வைத்துக்கொண்டு, “நான் போகேல்லை” என்றார். அவ்வளவுதான். அம்மா அம்மியைக் கழுவப் போய்விட்டார். அன்று பின்னேரம் ஊர் திரண்டு வந்தது. மேசையைப் பார்த்தார்கள், ஐயாவின் கையைப் பிடித்தார்கள், ரோசக்காரன் என்றார்கள். நான் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்துவிட்டு அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து சேலைகளை மறுபடி அலுமாரியில் வைத்தேன். பெருமையும் அழுகையும் ஒன்றாக வந்தன. எது எதற்காக என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அடுத்த மாரியில் ஓடாவியார் சொன்னது நடந்தது. ஏட்டின் மூலை கிளம்பியிருந்தது. தூசி துடைக்கப் போனவள் சும்மா விரலால் தூக்கிப் பார்த்தேன். கீழே வேப்பம் பலகையில் பென்சிலால் வட்ட வட்டமாக எழுத்துகள். நெருப்புப் பெட்டியிலும் முத்திரையிலும் கண்ட சிங்கள எழுத்துகள்தான், ஆனால் இவை ஐயாவின் கை. அந்தச் சாய்வு எனக்குத் தெரியாதா? நிமிர்ந்தபோது ஐயா வாசலில் நின்றார். நான் பார்த்ததை அவர் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். “பிசினைக் கொண்டு வா பிள்ளை” என்றார், தண்ணீர் கேட்பதுபோல. நான் கொண்டுவந்து கொடுத்தேன். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அது அப்படியே எங்கள் இருவருக்கும் ஒரு பழக்கமாகிவிட்டது.

பிறகு ஐயா அந்த மேசையில் இருந்து ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார், தமிழிலும் இங்கிலீசிலும். ஒருமுறை நெடுந்தீவிலிருந்து ஒருவர் காணி விஷயமாக வந்த அரசாங்கக் கடிதத்தைக் கொண்டுவந்தார். அது சிங்களத்தில் இருந்தது. ஐயா அதை நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். உதடு மெல்ல அசைந்தது. பின் மடித்துத் திருப்பிக் கொடுத்து, “எனக்கு உந்த எழுத்துத் தெரியாது” என்றார். அந்த மனிதர் படலைவரை போனபின், “எதுக்கும் வெள்ளிக்கிழமைக்கு முதல் கச்சேரிக் கந்தோருக்கு ஒருக்கா போய்ப் பாரும்” என்று கூப்பிட்டுச் சொன்னார். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தெரியும் என்றால் ஏன் ஒளிக்கிறார்? தெரியாதென்றால் வெள்ளிக்கிழமை எங்கிருந்து வந்தது?

நான் உள்ளூரிலேயே படித்து ஆசிரியையாகி, இப்போது நயினாதீவில் படிப்பிக்கிறேன். ஐயா போன வைகாசியில் காலமானார். அதனால்தான் இந்த மாரியில் ஏடு திறந்தபோது ஒட்ட ஆளில்லை. மழை ஈரத்தில் நன்றாக ஊறவிட்டு முழுவதையும் மெல்லக் கழற்றினேன். பதினேழு வரி. எண்ணெய்க் கடதாசியை மேலே விரித்து எழுத்தெழுத்தாகப் படி எடுத்துக்கொண்டு, மறுநாள் நயினாதீவு இறங்குதுறையில் புத்த விகாரைக்கு வரும் யாத்திரிகர்களுக்குப் பூத்தட்டு விற்கும் சிங்கள முதலாளியிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டார்.

“எல்லாம் ஒண்டுதான் டீச்சர். ‘நாளைக்கு நான் கந்தோருக்கு வருவேன்.’ சோதினைக்குப் படிக்கிற ஆள் எழுதினது. மேலை சின்னப் பிள்ளையின்ரை எழுத்து மாதிரி, கீழை வர வர நல்ல எழுத்து.” கடைசி வரியில் விரல் நின்றது. “இது மட்டும் வேறை. ‘நான் வரமாட்டேன்.’ ஒரு பிழையும் இல்லை. யார் டீச்சர் இது?”

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. அதற்குள் படகுக்கு நேரமாகிவிட்டது. ஊர்க்காரர் சொன்னதுபோல அவர் படிக்கவே மறுத்திருந்தால் நானும் பெருமைப்பட்டிருப்பேன். முயன்று முடியாமல் போயிருந்தால் பாவம் என்று நினைத்து ஆறியிருப்பேன். இவரோ மத்தியானம் மத்தியானமாகக் களவாகப் படித்து, தேறும் அளவுக்கு வந்து, பிறகு அந்தப் பாஷையிலேயே வரமாட்டேன் என்று எழுதி, அதையும் ஒருவர் கண்ணிலும் படாமல் ஒட்டி மூடியிருக்கிறார். இது ரோசமா? வாசிகசாலைக்குப் பயந்த பயமா? தெரிந்தும் போகாதிருப்பதற்குத்தான் அவ்வளவு பாடுபட்டாரா? படகு கரைக்கு வரும்வரை யோசித்தேன். இன்றைக்கும் பிடிபடவில்லை. அவர் அந்தக் கடைசி வரியை எழுதிய மத்தியானம் நான் கொட்டிலுக்கு வெளியே சங்கு தேய்த்துக்கொண்டிருந்திருப்பேன் என்பது மட்டும் நிச்சயம்.

அம்மாவுக்கு நான் இதைச் சொல்லவில்லை. கழற்றிய ஏட்டைக் கண்டு, “அவரே போயிட்டார். இனி அந்த மாட்டுப் பசையை ஓடாவியாரிட்டை வாங்கி ஒருக்கால் ஒழுங்கா ஒட்டிவிடு. முத்தத்திலை வைச்சுக் காய்ச்சு” என்றார். இருபது வருடம் கழித்து வந்த அனுமதி. ஓடாவியாரிடம் போகச் செருப்பைக்கூடப் போட்டேன். பிறகு கழற்றிவிட்டு, கோடிப்புறத்து விளாத்தியில் பிசின் சுரண்டி ஊறவைத்தேன்.

பதினேழாம் வரிக்குக் கீழே கொஞ்சம் வெறும் பலகை மிச்சமிருந்தது. பென்சிலை எடுத்து, எனக்குத் தெரிந்த எழுத்தில் ஒரு வரி எழுதினேன்: ‘ஐயா, நான் பெட்டி அடுக்கி வைத்திருந்தேன்.’ எழுதி முடித்தபின் கொஞ்சம் அழுதேன். ஏட்டை விரித்து ஒட்டி, கல்லேற்றி வைத்தேன். கடைசியாக அந்தச் சங்கு இதழை அதன் குழியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். அடுத்த மாரிக்கு இதுவும் கழன்று விழும். கழன்றால் மறுபடி ஒட்டலாம்.